எடை மேடைக்காரியின் ரத்தம்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவன் மனைவி பெரியவள், இளையவன் மனைவி சின்னவள். முறைக்காக வைத்த பெயர்கள் உடம்புக்கும் அச்சாகப் பொருந்திப் போனது யார் செய்த குறும்போ தெரியவில்லை. பெரியவள் வாசலில் வந்து நின்றால் வெளிச்சம் ஒதுங்கித்தான் உள்ளே வர வேண்டும். சின்னவள் கதவுக்குப் பின்னால் நின்றால் அவள் அங்கே இருப்பது கதவுக்கே தெரியாது. இருவரும் ஒரு வார இடைவெளியில் முழுகாமல் ஆனார்கள். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை.

சின்னவளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பெரியவள் ஏழு வருடம் காத்திருந்தாள். அந்த ஏழு வருடத்தில் அவள் பார்க்காத டாக்டர் இல்லை, கேட்காத அறிவுரை இல்லை. சரியாகச் சொன்னால் கேட்டது ஒரே ஒரு அறிவுரைதான்: உடம்பைக் குறைங்க. முழங்கால் வலிக்கிறது என்றால் உடம்பைக் குறைங்க. காது அடைக்கிறது என்றால் உடம்பைக் குறைங்க. ஒருமுறை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு படுத்திருந்தவளிடம் பல் டாக்டரும் அதையே சொன்னார். வாய் திறந்திருந்ததால் திருப்பித் திட்ட முடியவில்லை, அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

அவளுக்கு வேலை எடை மேடையில். ஊரின் ஓரத்தில், ஜல்லியும் மணலும் இரும்புக் கழிவும் ஏற்றிவரும் லாரிகள் ஏறி நிற்கும் நீளமான இரும்பு மேடை. பக்கத்தில் நான்கு படி ஏறினால் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. லாரி காலியாக வரும்போது ஒரு எடை, சரக்கோடு போகும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. வண்டி எண்ணோடு சீட்டு அச்சாகி வரும், அதைக் கிழித்துக் கொடுப்பாள்.

கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் டிரைவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தாயின் எடையையே மாற்றிக் காட்டுவார்கள். தண்ணீர் ஊற்றிய மணல், மேடையின் விளிம்பில் ஒரு சக்கரம், காலி எடைச் சீட்டின் மேல் வேறு வண்டியின் எண்ணை ஒட்டிக்கொண்டு வருவது என்று அவர்களிடம் இல்லாத வித்தை இல்லை. பெரியவள் பதினோரு வருடமாக இதையெல்லாம் பார்த்தவள். எந்தச் சீட்டு கைக்கு வந்தாலும் படிப்பதற்கு முன்னால் கட்டைவிரல் நகத்தை அதன் ஓரத்தில் ஒரு இழு இழுப்பாள். ஒட்டு இருந்தால் நகம் தட்டும்.

அவளுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் மேடம் டன். அது தனக்குத் தெரியும் என்பதை அவள் அவர்களுக்குத் தெரிவித்த விதம் எளிமையானது. பெயர் வைத்தவனின் லாரியை அன்றைக்கு நான்கு முறை மேடையில் ஏற்றி இறக்கினாள்.

இருபதாவது வாரத்தில் இரண்டு மருமகள்களையும் மாமியார் ஒன்றாகக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். அங்கே சிஸ்டர் என்றால் ஒரே சிஸ்டர்தான். இருபத்தாறு வருட அனுபவம். ஆளைப் பார்த்தவுடனே எத்தனை வாரம், என்ன குழந்தை, மாமியார் எப்படி என்பதுவரை சொல்லிவிடுவாள் என்று பேர் வாங்கியவள். டாக்டருக்கே அவளிடம் கொஞ்சம் பயம். அவள்தான் இருவருக்கும் ரத்தம் எடுத்து, குழாய்களை வெளியே உள்ள லேபுக்கு அனுப்பினாள்.

நான்கு நாள் கழித்துப் போனபோது முடிவு வந்திருந்தது. சின்னவளுக்கு ரத்தம் ரொம்பக் குறைவு, ஒன்பது புள்ளி ஒன்று. பெரியவளுக்குப் பன்னிரண்டு புள்ளி மூன்று, அருமையான ரத்தம். மாமியாருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அந்தக் குச்சிக்குள் ரத்தம் எங்கே தங்கும் என்று கேட்டாள். டாக்டர் சின்னவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை மூன்று வேளைக்கு எழுதினார். பெரியவளுக்கு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிற ஒற்றை மாத்திரை, கூடவே ஒரு தாள். தாளில் என்ன இருந்தது என்று சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் பெரியவள் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தாள். முப்பத்து நான்கு வருடத்தில் முதல் முறையாக ஒரு மருத்துவர் அவள் உடம்பில் ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இவ்வளவு பெரிய உடம்பைச் சுமந்ததற்கு இந்த ஒரு மரியாதையாவது கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டாள். புருஷனிடம் இரண்டு தடவை சொன்னாள். பக்கத்து அறையில் சின்னவளுக்குக் கேட்கும்படி மூன்றாவது தடவையும் சொன்னாள். அதில் ஒரு அல்ப சந்தோஷம் இருந்தது, இல்லை என்று அவளே பின்னால் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை முழுவதும் எழுதினால் மரியாதையாக இருக்காது. மூன்று வேளை இரும்பு சின்னவளின் வயிற்றில் கல்லாக உட்கார்ந்தது. வீட்டுக்கு ஒரே கழிப்பறை. காலையில் உள்ளே போனாள் என்றால், இரண்டு அண்ணன் தம்பியும் வெளியே துண்டோடு வரிசையில் நின்று எதிரும் புதிருமாக முறைத்துக்கொள்வார்கள். வெளியே வந்தால் வாந்தி. வாந்தி நின்றால் மாமியார் அடுத்த மாத்திரையோடு நிற்பாள். சின்னவள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துத் துப்பப் பார்த்தாள், மாமியார் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

பெரியவள் பாடு வேறு மாதிரி. அவளுக்கு ஐஸ் தின்ன வேண்டும்போல் இருந்தது. ஐஸ்கிரீம் இல்லை, வெறும் ஐஸ்கட்டி. ஃபிரிட்ஜில் தட்டு தட்டாக வைத்துக் கடித்து நொறுக்கினாள். எடை மேடைக்கு ஃபிளாஸ்க்கில் கொண்டுபோனாள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து வரும் நறநற சத்தத்தைக் கேட்டு, மேடம் இன்றைக்கு யார் எலும்பைக் கடிக்கிறாள் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். மசக்கை என்றாள் மாமியார். ஆறு மாதத்துக்கு மேல் என்ன மசக்கை என்று யாரும் கேட்கவில்லை.

நான்கு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. இரண்டாவது படியில் ஒரு நிறுத்தம், நான்காவதில் ஒரு நிறுத்தம். தலையை வாரினால் சீப்பு நிறைய முடி. மதியம் ஆனால் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. ஒரு நாள் எண்ணைத் திரையில் படித்துக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றி மேசையில் சாய்ந்தாள், வரிசையில் ஆறு லாரி ஹாரன் அடித்துத்தான் எழுந்தாள். கிளினிக்கில் போய்ச் சொன்னாள். சிஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இத்தனை கிலோவைத் தூக்கிக்கொண்டு படி ஏறினால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும் என்றாள். ரத்தமெல்லாம் நன்றாக இருக்கிறதே, அந்தத் தாளில் போட்டபடி நடந்தீர்களா என்றும் கேட்டாள். பெரியவள் நடக்கவில்லை. ஆகையால் தப்பு தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பழக்கமான நினைப்புதான், சுலபமாக வந்தது.

ஆனால் ஒரு பயம் மட்டும் போகவில்லை. ஏழு வருடம் காத்திருந்து வந்தது. தனக்கு ஏதாவது என்றால் பரவாயில்லை, உள்ளே இருப்பதற்கு ஏதாவது குறைகிறதோ என்று குளிக்கும்போது மட்டும் தனியாக நினைத்து அழுவாள்.

இருபத்தொன்பதாவது வாரத்தில் வளர்ச்சி பார்க்கும் ஸ்கேன். ஸ்கேன் சென்டர் வேறு தெருவில் இருந்தது. எப்போதும் கிளினிக்கை விட்டு வெளியே வராத ஃபைலை அன்றைக்கு மட்டும் சிஸ்டர் அவள் கையிலேயே கொடுத்தனுப்பினாள். காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், கைப்பிடி உள்ளவை. கைப்பிடி உள்ள நாற்காலி பெரியவளுக்கு ஜென்ம விரோதி. ஓரத்தில் இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஃபைலைத் திறந்தாள்.

படிக்க வேண்டும் என்று திறக்கவில்லை. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். லேப் தாள் வந்தது. மேலே ஸ்டிக்கரில் அவள் பெயரும் ஃபைல் எண்ணும். பழக்க தோஷத்தில் நகம் ஓரத்தில் ஓடியது.

நகம் தட்டியது.

பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்னொரு முறை இழுத்தாள். இரண்டு அடுக்கு. பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டாள், இன்னொன்றை ஸ்டிக்கரின் மேல் வைத்துத் தேய்த்தாள். எத்தனை டிரைவரின் ஒட்டுச் சீட்டைப் பிரித்த கை. மேல் ஸ்டிக்கர் நோகாமல் எழுந்து வந்தது. அடியில் சின்னவளின் பெயர் இருந்தது.

பன்னிரண்டு புள்ளி மூன்று சின்னவளுடைய ரத்தம். அப்படியென்றால் ஒன்பது புள்ளி ஒன்று யாருடையது என்று கணக்குப் போட அவளுக்கு மெஷின் தேவைப்படவில்லை. வாயில் இருந்த ஐஸ்கட்டியைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். கிடைத்த ஒரே பாராட்டும் அடுத்தவளுடையது. அந்த நினைப்பு வந்ததற்கே வெட்கப்பட்டாள், பிறகு அது போய் ஒன்பது வாரம் என்ற நினைப்பு வந்தது. ஒன்பது வாரமாக உள்ளே இருப்பது எதை வைத்து வளர்ந்தது. ஸ்கேனுக்கு அவளைக் கூப்பிட்டபோது பெஞ்சில் ஆள் இல்லை.

கிளினிக்குக்கு அவள் நடந்தே போனாள். தாளில் போட்டபடி நடந்தது அன்றைக்குத்தான். வழியில் மூன்று இடத்தில் நின்றாள், மூன்று இடத்திலும் வயிற்றில் கை வைத்து, கொஞ்சம் பொறுத்துக்கோ என்றாள்.

சிஸ்டர் மறைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பிரித்த ஸ்டிக்கரை மேசையில் வைத்ததும், ஆமாம் நான்தான் ஒட்டினேன் என்றாள். லேபிலிருந்து தாள் வந்தபோது, தண்டியான ஆளுக்கு ரத்தம் குறைவு என்றும் குச்சி ஆளுக்கு நிறைய என்றும் போட்டிருந்தது. ஒரே வீடு, ஒரே முகவரி, ஒரே நாள். லேப்காரர்கள் குழாயை மாற்றிவிட்டார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. முன்பு ஒரு தடவை நிஜமாகவே அப்படி நடந்து, அதைக் கண்டுபிடித்து ஒரு உயிரைக் காப்பாற்றியவளும் அவள்தான். அதனால் புது ஸ்டிக்கர் அடித்து, இரண்டு தாளிலும் மாற்றி ஒட்டிவிட்டாள்.

"நான் தப்பு பண்ணலம்மா, அவங்க பண்ண தப்பைச் சரி பண்ணேன். இருபத்தாறு வருஷமா பாக்கறேன். ஆளைப் பாத்தா தெரியாதா எனக்கு?"

பெரியவள் வழியெல்லாம் ஆத்திரத்தை அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் மூச்சு ஒரு வாக்கியத்துக்குத்தான் மிச்சம் இருந்தது.

"எங்க மேடையில லாரியைப் பாத்து எடை எழுதினா, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க சிஸ்டர்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தது கைப்பிடி வைத்த நாற்காலி. அன்றைக்கு நாற்காலிதான் ஒதுங்கிக்கொண்டது.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். தாளைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்க்கவில்லை. அதே நிமிடம் தன் கையாலேயே ரத்தம் எடுத்தார். சின்னவளுக்கும் ஆள் அனுப்பினார். இந்த முறை வெறும் ரத்த அளவு மட்டும் இல்லை, இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது, எவ்வளவு ஓட்டத்தில் இருக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்கச் சொல்லி எழுதினார். மறுநாள் மதியம் முடிவு வந்தது. சின்னவளுக்குப் பதின்மூன்று, அவளை இரும்புக்கடையாகவே ஆக்கியிருந்தார்கள். பெரியவளுக்கு எட்டு புள்ளி ஆறு.

அதில் ஒரு வேடிக்கை இருந்தது. சேமிப்பைக் காட்டும் எண் பெரியவளுக்கு ஒன்றும் குறைவாக இல்லை. ரத்தத்தில் ஓடுகிற இரும்புதான் இல்லை. அது எப்படி என்று பெரியவள் கேட்டாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார், ஒன்பது வாரத்துக்கும் சேர்த்து வைத்துச் சொன்னதுபோல் இருந்தது.

உடம்பில் கொழுப்பு அதிகமாகச் சேரும்போது சிலருக்கு உள்ளே ஒரு சின்ன அழற்சி, நெருப்பாக இல்லாமல் புகைச்சலாக, எந்நேரமும் இருந்துகொண்டே இருக்கும். உடம்பு அதை ஏதோ கிருமி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். கிருமிக்கும் இரும்பு வேண்டும். அதனால் ஈரல், ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோனை அனுப்பி இரும்பு போகிற வழியை அடைத்துவிடும். சாப்பிட்ட இரும்பு குடலைத் தாண்டி உள்ளே வராது, உள்ளே இருப்பது சேமிப்பை விட்டு வெளியே வராது. சாதாரணமாகக் கர்ப்பத்தில் அந்த ஹார்மோன் தானாகக் குறைந்து, குழந்தைக்காக வழியைத் திறந்துவிடும். இந்தப் புகைச்சல் இருப்பவர்களுக்குப் பல சமயம் அது போதுமான அளவு குறையாது. குண்டாக இருக்கும் எல்லாருக்கும் இப்படி ஆகும் என்றில்லை, ஆனால் ஆகும்.

 பெரியவளுக்குப் போன வருடம் எடை மேடையை ஒட்டிய ஜல்லி யார்டில் அடிதடி நடந்தபோது கேட்டை இழுத்து மூடியது நினைவுக்கு வந்தது. உள்ளே முப்பது லாரி சரக்கோடு நின்றது, வெளியே முப்பது லாரி நின்றது. மூன்று நாள் ஒரு கல் நகரவில்லை. எடைப் பதிவைப் பார்த்தவர்களுக்கு யார்டு நிறைய ஜல்லி இருப்பதாகத்தான் தெரிந்தது, வெளியே வீடு கட்டுகிறவன்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"அப்போ சரக்கு இருக்கு, கேட்டு பூட்டியிருக்கு."

அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

"குழந்தைக்கு?"

 குழந்தை பிறந்த பிறகு முதல் ஆறு மாதத்துக்கு வேண்டிய இரும்பை, பெரும்பாலும் கடைசிப் பத்து வாரத்தில்தான் தாயிடமிருந்து சேர்த்துக்கொள்ளும் என்றார். அதன் மூளை வளர அது வேண்டும். பெரியவளுக்கும் பிரசவத்தில் ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போனால் தாங்காது. மாத்திரை இந்தப் பூட்டைத் தாண்டிப் போகாது, நரம்பு வழியாக நேராக ஏற்ற வேண்டும்.

"பத்து வாரம் இன்னும் இருக்கும்மா. சரியான நேரத்துலதான் பிரிச்சிருக்கீங்க."

பெரியவள் அங்கேயே, எல்லாரும் பார்க்க, மூக்கைச் சிந்தி அழுதாள். இவ்வளவு நாளும் குளிக்கும்போது அழுததால் துடைக்கத் துணி கொண்டுவரும் வழக்கம் அவளுக்கு இல்லை. சிஸ்டர் பஞ்சை நீட்டினாள். வாங்கவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

வாரத்துக்கு ஒன்றாக இரண்டு முறை இரும்பு ஏற்றினார்கள். காப்பி நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இரண்டு முறையும் துணைக்கு வந்தவள் சின்னவள். மூன்று வேளை மாத்திரையிலிருந்து விடுதலை கிடைத்ததில் அவள் முகமே மாறியிருந்தது.

"அக்கா, உங்க இரும்பையெல்லாம் நான் தின்னுட்டேன். ஆனா ஒண்ணு, ஒரு வேளைகூட சந்தோஷமா தின்னலை."

பெரியவள் ஊசி குத்திய கையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், சொட்டு நின்றுபோய் சிஸ்டர் வந்து சரி செய்ய வேண்டியிருந்தது. ரத்தம் நன்றாக இருக்கிறது என்று பக்கத்து அறைக்குக் கேட்கும்படி சொன்னேனே, அது வேண்டுமென்றே சொன்னது என்று அப்போது சொன்னாள். தெரியும் என்றாள் சின்னவள்.

முதல் பாட்டில் ஏறிய ஐந்தாம் நாள் காலையில் ஃபிளாஸ்க்கை நிரப்பப் போனவள், ஐஸ்கட்டியைப் பார்த்துவிட்டு, இதையா தின்றேன் என்று வைத்துவிட்டாள். மூன்றாவது வாரத்தில் நான்கு படியையும் நிற்காமல் ஏறினாள். மேலே போய் நின்று, இன்னொரு முறை இறங்கி ஏறினாள். கீழே காத்திருந்த டிரைவர், மேடம் தன்னையே எடை போடுகிறாரா என்று கேட்டான். அன்றைக்கு அவன் லாரியை ஒரே ஒரு முறைதான் ஏற்றினாள்.

முப்பத்தொன்பதாவது வாரத்தில் பெரியவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நினைத்ததைவிட அதிகமாகத்தான் போனது. டாக்டரின் முகம் கொஞ்ச நேரம் இறுகியிருந்ததைப் பெரியவள் பார்த்தாள். ஆனால் உடம்பு தாங்கிவிட்டது, வேறு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சின்னவளுக்கும் பெண் பிறந்தது. ஒரே அறையில் இரண்டு கட்டில், பக்கத்தில் இரண்டு தொட்டில்.

பெரியவளின் குழந்தை நீளமாக, ஒல்லியாக, விரலெல்லாம் குச்சி குச்சியாக இருந்தது. சின்னவளின் குழந்தைக்குக் கழுத்தே தெரியவில்லை, கன்னம் தோளில் இருந்தது. மாமியார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு மருமகள்களையும் பார்த்தாள். அவள் மனதில் ஓடியது வாய்க்கு வர நேரமாகவில்லை. தொட்டிலை மாற்றிப் போட்டுவிட்டீர்களா, கொஞ்சம் பாருங்கள் என்றாள் சிஸ்டரிடம்.

சின்னவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"ஆளைப் பாத்து நான் இப்போ எதுவும் சொல்றதில்லைம்மா."

சொல்லிவிட்டு இரண்டு குழந்தைகளின் காலில் கட்டிய பெயர்ப் பட்டையையும் மாமியாருக்குப் படித்துக் காட்டினாள். பிறகு பெரியவளின் கட்டிலுக்கு வந்தாள். குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியிலிருந்து எடுத்து அனுப்பிய ரத்தத்தின் முடிவு அன்று காலைதான் வந்திருந்தது. அதில் என்ன போட்டிருக்கிறது என்று சிஸ்டர் வாயால் சொல்லவில்லை. தாளைத் திருப்பிப் பெரியவளின் பக்கம் நீட்டி, நின்றாள்.

பெரியவளும் எண்ணை முதலில் பார்க்கவில்லை. மேலே ஸ்டிக்கர் இருந்தது, இன்ன பெயருள்ளவளின் குழந்தை என்று போட்டு. குழந்தையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கட்டைவிரல் நகத்தை அதன் ஓரத்தில் வைத்து மெதுவாக இழுத்தாள். இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை. சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகம் எங்கும் தட்டவில்லை. அதற்குப் பிறகுதான் கீழே இருந்த எண்ணைப் படித்தாள். குழந்தைக்கு இரும்பு போதுமான அளவு இருந்தது. இன்னொரு முறை படித்தாள். பிறகு சின்னவளிடம், பக்கத்து அறைக்கும் கேட்கும்படி, சத்தமாகப் படித்தாள்.